பிடிக்க மட்டும் வேர்

நைனாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். ரைட்.

திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் என் அப்பா. அந்தச் சொல்லை வாழ்நாளில் எத்தனை லட்சம் தடவை சொல்லியிருப்பாரோ தெரியாது. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "ரைட்" என்றார். பேச்சு திரும்பிவிட்டது என்று நான் அழுதே விட்டேன். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, நாக்கில் ஊறிப்போன ஏதோ ஒரு சொல் மட்டும் இப்படித் தங்கிவிடுவது உண்டு, அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்றார். வலது பக்கம் போய் ரைட் மட்டும் மிச்சம் என்று அப்போது எனக்குள் ஒரு கேவலமான சிரிப்பு வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பசித்தால் ரைட். வயிறு நிறைந்தாலும் ரைட். முதுகு வலித்தாலும், கொசு கடித்தாலும், கரண்ட் போனாலும் ரைட்தான். முதல் மாதம் அந்தச் சொல்லை நம்பி நான் செய்த கூத்துகளுக்கு அளவில்லை. இட்லி வேண்டுமா என்று கேட்பேன், ரைட் என்பார், ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்வார். நான் கத்துவேன். அதற்கும் ரைட் என்பார்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வாயைக் கேட்பதை விட்டுவிட்டு, நன்றாக இருக்கிற இடது கையைப் பார்க்க ஆரம்பித்தேன். வேண்டாததை அந்தக் கை தள்ளும். வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். டம்ளரை நீட்டினால் ரைட் என்று சொல்லிக்கொண்டே தள்ளுவார், இன்னொரு நாள் அதே ரைட்டைச் சொல்லிக்கொண்டே பிடிப்பார். ஒரு நாள்கூட அந்தக் கை பொய் சொன்னதில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "பரவால்லயே, நல்லா பேசறாரே" என்று அவர் சொல்லும் ரைட்டைக் கேட்டுவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் வீடு செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முதல் மாடியில். ஜன்னல், பால்கனி, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் கம்பி அடித்திருக்கிறோம். கோட்டையிலிருந்து வரும் குரங்குகளுக்காக. அவை பால்கனிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, கம்பிக்கு உள்ளே இருக்கிற எங்கள் இருவரையும் வேடிக்கை பார்க்கும். கோட்டை மலையான ராஜகிரி பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் எங்கள் அறைக்குள் அனுப்பும். இந்த அறையில் பத்து மாதம். நைனாவைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, மறுபடி திருப்பி. நான் ஒரே பிள்ளை. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஊரில் இப்போது அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். எனக்கு மூச்சு முட்டியது. அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை அப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் முட்டியது.

அதற்கு முன்பு ஓசூரில் ஒரு பெரிய நர்சரியில் ஆறு வருஷம் இருந்தேன். காற்றுச் செடி ஷெட் முழுக்க என் பொறுப்பு. அன்னாசிக் குடும்பத்துச் செடி அது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும், சாம்பல் பூசியதுபோல் இருக்கும், மண்ணே கேட்காது. அதன் சொந்த ஊரில் மரக்கிளையிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு வாழும். மரத்திடமிருந்து ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. அதன் வேர் குடிப்பதற்கு இல்லை, பிடித்துக்கொள்ள மட்டும்தான். குடிப்பது எல்லாம் இலை. இலைமேல் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிச் செதில்கள் இருக்கும். தண்ணீர் பட்டால் அவை விரிந்து வாங்கிக்கொள்ளும், அப்போது சாம்பல் நிறம் போய்ச் செடி பச்சையாகும். ஷெட்டில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். வேலைக்குச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம், சம்பளம் இல்லை.

நைனா விழுந்த செய்தி வந்தபோது முட்டை அட்டையில் எட்டுச் செடிகளை வைத்து பஸ் ஏறினேன். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. எட்டையும் பால்கனிக் கம்பியின் உள்பக்கம் நைலான் கயிற்றில் தொங்கவிட்டேன்.

செஞ்சி அவற்றுக்கான ஊரில்லை. வாரம் மூன்று தடவை அகலமான பேசினில் அரை மணி நேரம் ஊறப்போட வேண்டும். எடுத்துத் தலைகீழாக உதறி, ஃபேனுக்கு நேராகக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் குருத்தில் தண்ணீர் தங்கி அழுகிவிடும். எங்கள் போர்த் தண்ணீரை ஒரு பக்கெட்டில் விட்டால் இரண்டாம் நாள் சுண்ணாம்பு கட்டும். அது இலையில் படிந்தால் செதில்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் கேன் தண்ணீர். தாகம் எடுத்தால் இலை ஓரம் உள்பக்கமாகச் சுருளும், அதைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் தெரியவே தெரியாது. செத்துப்போன பிறகும் சில நாளுக்கு உயிரோடு இருப்பதுபோலவே தொங்கும்.

தினமும் காலையில் வல்லத்திலிருந்து அத்தை வருவாள், நைனாவின் தங்கை. வீட்டுக்காரர் இல்லாதவள், வேர்க்கடலை விளையும் கொஞ்சம் மணிலாக் கொல்லை உண்டு. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் வந்து, சமைத்து வைத்து, அண்ணனோடு ஊர்க்கதை எல்லாம் பேசி, அவர் சொல்லும் ஒவ்வொரு ரைட்டையும் அப்படியே நம்பி, மூன்று மணி பஸ்ஸில் திரும்புவாள். அவள் இருக்கிற நேரத்தில்தான் நான் ரேஷன், மருந்து, முடிவெட்டு எல்லாம் முடிப்பேன்.

செடிகளைத் தொங்கவிட்ட புதிதில் ஒரு நாள் கம்பியைப் பார்த்துக் கேட்டாள். "இன்னாடா மருமவனே இது, கத்தாழக் குட்டியா?"

"இல்ல அத்த. இது வேற."

"மண்ணு எங்க?"

"மண்ணு வேணாம்."

"தண்ணியாவது ஊத்துவியா இல்லியா?"

அதற்கு முந்தைய நாள்தான் அவள் கேன்காரனை வாசலிலேயே மறித்து, ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் இத்தனை கேன் யார் குடிக்கிறது என்று கேட்டிருந்தாள். செடிக்கு என்று சொன்னால் வல்லம் முழுக்கச் சிரிப்பார்கள். அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் அத்த. காத்துலயே உசுரோட இருக்கும்."

அவள் கண்கள் விரிந்தன. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏன் போட்டுக்கொண்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

ஆனி கடைசியில் ஓசூர் நர்சரி நடத்தும் மேடத்திடமிருந்து போன் வந்தது. "ஏற்காட்டுல புது ஷெட் போட்டாச்சு. ஏர் பிளான்ட் மட்டும்தான். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்காங்க? ஆவணி பொறந்ததும் வந்துடு. அதுக்கு மேல என்னால வெயிட் பண்ண முடியாது." தங்க ஒரு ரூம் உண்டு, ஆனால் சரிவில் நாற்பது படி இறங்க வேண்டும். பிசியோவுக்கும் டாக்டருக்கும் மலையிறங்கி சேலம் வர வேண்டும். நைனாவை அங்கே கொண்டுபோகவே முடியாது.

அத்தை இங்கேயே வந்து தங்கினால் மட்டும்தான் நான் போக முடியும். வேறு ஆள் இல்லை. இதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று வாரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது. மணிலா பிடுங்கி முடிக்கட்டும், ஆடி பிறக்கட்டும் என்று நாளைக் கடத்தினேன். ஏற்காட்டுப் பனியை நினைத்தாலே உடம்பு குளிர்ந்தது. அங்கே செடிகளுக்கு யாரும் பேசின் வைக்க வேண்டாம், மூடுபனியே வந்து கொடுத்துவிட்டுப் போகும்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை ரேஷனுக்கும் மருந்துக்கும் போய்விட்டு வந்து படியேறினேன். நிலைவாசலுக்கு மேலே கறுப்புக் கயிற்றில் ஏதோ மஞ்சளாகத் தொங்கியது. கீழே எலுமிச்சம்பழம், காய்ந்த மிளகாய், ஒரு படிகாரக் கல். கிட்டே போய்ப் பார்த்தேன். என் பெரிய செடி.

எட்டில் அதுதான் மூத்தது. நடு இலைகள் சிவக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பூ வரப்போகிறது என்பதற்கு அடையாளம் அது. இந்தச் செடி ஆயுசுக்கு ஒரு தடவைதான் பூக்கும், பூத்த பிறகு பக்கத்தில் கன்றுகளை விட்டுவிட்டுத் தான் போய்விடும். மூன்று வருஷமாக அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்தேன். இப்போது சிவப்பு எது, குங்குமம் எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு இலையிலும் மஞ்சளைக் குழைத்து, விட்ட இடம் இல்லாமல் அப்பியிருந்தது. வேரை மேலே வைத்துத் தலைகீழாகக் கட்டியிருந்தாள் அத்தை.

"இன்னா அத்த பண்ணி வெச்சிருக்க?"

"ஆடி வெள்ளிடா. எங்கண்ணன் மேல பட்ட கண்ணு போவட்டும்னு கட்னேன்."

"அது குடிக்கிறதே எலையாலதான். அத்தன எலையையும் பூசி அடச்சிட்டியே. செத்துடும்."

"செத்தா நல்லதுதான்டா" என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்கேறியது. பத்து மாதத்துக் கோபம் அத்தனையும் அந்தக் கிழவிமேல் போய் விழுந்தது. "உனுக்கு அறிவு இருக்குதா? யாரக் கேட்டுத் தொட்ட? இந்த வீட்ல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். இனிமே இங்க எதையும் தொடாத."

உள்ளே நைனா "ரைட், ரைட், ரைட்" என்றார். அத்தை முறத்தை அப்படியே வைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, அண்ணனை எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள். மணி பதினொன்று. வல்லத்துக்கு அப்போது டவுன் பஸ் கிடையாது. வெயிலில் நின்றிருப்பாள் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. செடியைக் கேன் தண்ணீரில் நாலு தடவை அலசினேன், பழைய டூத் பிரஷ்ஷால் தடவினேன். மேலே இருந்த மஞ்சள் போயிற்று, செதிலுக்குள் போனது போகவில்லை. தண்ணீரில் போட்டால் பச்சையாகாமல் மஞ்சளாகவே கிடந்தது. நான் கூசாமல் சொன்ன ஒரு பொய்யால் வந்த வினை என்று தெரிந்தும், போனை எடுத்து அவளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

பதினோரு நாள். ரேஷனுக்கும் போகவில்லை, மருந்தைக் கடைப் பையன் கொடுத்துவிட்டுப் போனான். கீழே ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடிக்கும்போது நைனா தலையைத் திருப்புவார். நானும் திருப்புவேன். அறையில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

எட்டாம் நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, குரங்குக்காகக் கம்பிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். பால் கடை தெருமுனையில் இருக்கிறது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருவண்ணாமலை வண்டி நின்றிருந்தது. அங்கே சேலம் பஸ் பிடித்தால் பொழுது சாயும்போது ஏற்காடு அடிவாரம் போய்விடலாம். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பையில்லை, மாற்று லுங்கி இல்லை, கையில் பால் கூஜா மட்டும். காற்று வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது, அது பொய்யில்லை.

கண்டக்டர் பின்படியில் ஏறி, பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்" என்றார்.

நான் எழுந்து "ஹோல்டான்!" என்று கத்தினேன். வண்டியை நிறுத்தக் கண்டக்டர்கள் போடும் கத்தல் அது. சின்ன வயதில் நைனாவிடம் கேட்டுப் பழகியது, என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டார், நின்றிருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"இன்னா சார், நீ கண்டக்டரா, நான் கண்டக்டரா?" என்றார் அவர். பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கி ஓடினேன்.

கதவைத் திறந்தபோது நைனா விழித்திருந்தார். படுக்கை நனைந்திருந்தது. ஒரு குரங்கு கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் "ரைட்" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் துடைத்து, விரிப்பை மாற்றினேன்.

பதினோராம் நாள் அத்தைக்குப் போன் போட்டேன். "தப்பா பேசிட்டேன் அத்த" என்றேன். அதற்கு அவள் கேட்டாள். "அது காஞ்சுதா?"

"எது?"

"அந்தச் செடி."

"காஞ்சுட்டுது அத்த."

"அப்பாடா" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவித்த மணிலாவோடு வந்து நின்றாள். வாசல் மேலே பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. ஜன்னல் கட்டையில் வைத்திருந்த செடியைக் காட்டினேன். தொட்டால் உதிர்ந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நீதானடா சொன்ன, மண்ணு வேணாம், தண்ணி வேணாம், காத்துலயே உசுரோட இருக்கும்னு? ஆகாச கருடன் கெழங்கும் அப்டித்தான். வாசல்ல கட்டித் தொங்கவுட்டா காத்துலயே தழைக்கும். வூட்டுக்கு வர்ற கெட்டதெல்லாம் அது வாங்கிக்கும். வாங்கிக்கினா காஞ்சுடும். இது இன்னோரு ஜாதி ஆகாச கருடன்னு நெனச்சிட்டேன். நீ செத்துடும்னு கத்தறப்பகூட, சாவட்டும், எங்கண்ணனுக்கு வந்தத அது எடுத்துக்கினு போவட்டும்னுதான் சொன்னேன். நீ வேற எதுக்கோ கத்திட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேன் தண்ணீர் ரகசியத்தை அன்றைக்குத்தான் சொன்னேன். "செடிக்கா கேன் தண்ணி!" என்று அரை நாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து ஏற்காட்டையும் சொல்லிவிட்டேன். மூன்று வார ஒத்திகை எதுவும் நினைவில் இல்லை, குளறினேன்.

அவள் மணிலாத் தோலை மடியிலிருந்து உதறினாள். "இதுக்கா மென்னு முழுங்கற? நீ போ. கொல்லைய குத்தகைக்கு உட்டுட்டு நான் இங்கியே வந்து இருந்துக்கறேன். எங்கண்ணன எனக்குப் பாத்துக்கத் தெரியாதா? அவர ஒரு வார்த்த கேட்டுக்கினு கெளம்பு."

எனக்கு நம்பவே முடியவில்லை. பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது இவ்வளவு சுலபமாகத் திறக்குமா? நைனாவின் கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தேன். அத்தை கதவோரம் நின்றாள்.

"நைனா, ஏற்காட்டுல வேல கூப்புடறாங்க. அத்த இங்க வந்து இருப்பாங்க. மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து உன்ன பாக்கறேன். நான் போவட்டுமா?"

என் முகத்தையே பார்த்தார். பிறகு தெளிவாக, பஸ் ஸ்டாண்டில் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னார். "ரைட்."

"பாத்தியா! அவரே ரைட்டுன்னு சொல்லிட்டாரு" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி போட உள்ளே போனாள்.

நான் எழுந்தேன். எழ முடியவில்லை. குனிந்து பார்த்தேன். என் சட்டையின் ஓரத்தை அவர் இடது கை பிடித்திருந்தது. விரல்கள் துணிக்குள் மடங்கி, முட்டி வெளுத்துப்போகும் அளவுக்கு. "ரைட்" என்றார் மறுபடி. கை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அடுப்படியில் டபராச் சத்தம் கேட்டது. நான் போனால் ஊரில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்பாவே அனுப்பிவைத்தார், வாயாலேயே சொன்னார் என்று அத்தை சாட்சி சொல்வாள்.

காபி ஆறிப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்கிய பிறகு விரல்கள் தாமாகத் தளர்ந்தன. பால்கனிக்குப் போனேன். மீதி ஏழு செடிகளும் கம்பியில் தொங்கின. அன்றைக்கு அவற்றுக்குத் தண்ணீர் காட்டும் நாள், மறந்திருந்தேன். இலை ஓரங்கள் சுருண்டிருந்தன. பேசினை நிரப்பி ஏழையும் அதில் போட்டுவிட்டு மேடத்துக்கு போன் செய்தேன்.

"வரலிங்க மேடம். எங்க நைனா வேணான்னு சொல்லிட்டாரு."

"ஐயோ, நிஜமாவா? அப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"இல்லிங்க மேடம்" என்றேன்.